நேற்று வரை திறந்த 192.168.1.5 இன்று ஏன் திறக்கவில்லை?

கேள்வி இதுதான்: வீட்டில் ஒரு மேசைக்கணினி, ஒரு மடிக்கணினி. மேசைக்கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்துவிட்டு, மடிக்கணினியில் \\192.168.1.5 என்று அடித்தால் ஒரு வாரமாக ஒழுங்காகத் திறந்தது. இப்போது திறக்கவில்லை. இணையத்தில் ‘என் ஐபி முகவரி என்ன’ என்று தேடினால் சம்பந்தமே இல்லாத வேறொரு எண் வருகிறது. இரண்டில் எது உண்மையான முகவரி? பெரிய கோப்புகளை இப்படி அனுப்பினால் இணைய டேட்டா செலவாகுமா? வெளியாட்கள் அந்தக் கோப்புறையைப் பார்க்க முடியுமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு எண்களுமே உங்களுடையவைதான். ஒன்று வீட்டுக்கு உள்ளே, மற்றது வீட்டுக்கு வெளியே. டேட்டா ஒரு துளியும் செலவாகாது. ரௌட்டரில் நீங்களாக எதையும் திறந்துவைக்காத வரை வெளியாட்கள் பார்க்க முடியாது. பெரும்பாலும் உங்கள் மேசைக்கணினிக்கு ரௌட்டர் வேறு எண்ணைக் கொடுத்திருக்கும். அதனால்தான் பழைய எண்ணில் யாரும் பதில் சொல்லவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை வேறு காரணத்தால் நின்றாலும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

ஐபி முகவரி என்று நாம் எழுதும் நான்கு எண்களும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மொத்தம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள். ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். 1981இல் இந்த முறை வரையறுக்கப்பட்டபோது அது தீராத கையிருப்பாகத் தெரிந்திருக்கும். பதினைந்து ஆண்டுகளுக்குள் பற்றாக்குறைக் கவலை வந்துவிட்டது. 1996இல் மூன்று தொகுதிகளை யாருக்கும் சொந்தமில்லாதவை என்று ஒதுக்கினார்கள்: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை. யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் இவற்றைப் பயன்படுத்தலாம். இணையத்தில் மட்டும் இவை செல்லாது. அப்படிச் சிக்கனம் பிடித்தும், உலக அளவிலான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது.

அலுவலகங்களில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் 12ஆம் எண் கணக்குப் பிரிவு என்றால், வேறோர் அலுவலகத்தில் அதே 12 வரவேற்பு மேசையாக இருக்கும். குழப்பமில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து அழைப்பவருக்கு ஒரே ஒரு பொது எண்தான் தெரியும். 192.168.1.5 என்பது எக்ஸ்டென்ஷன். இதே நிமிடத்தில் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் எண்ணற்ற கருவிகள் அதே எண்ணை வைத்துக்கொண்டிருக்கின்றன. தேடலில் வந்த எண் உங்கள் ரௌட்டர் வெளியுலகுக்குக் காட்டும் பொது எண். வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் அவை இணையத்துக்குப் போகும்போது ரௌட்டர் உள் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணை ஒட்டி அனுப்புகிறது; பதில் வரும்போது யார் கேட்டது என்று குறித்துவைத்த பட்டியலைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. நாட் என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பொது எண்கூட உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் ஒன்றாகத் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். வீட்டுக்குள் கோப்புப் பகிர இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆகவே அந்த வெளி எண்ணை இங்கேயே மறந்துவிடலாம். அதை மடிக்கணினியில் அடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, நீங்கள் \\192.168.1.5 என்று அடித்து என்டர் தட்டியதும் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மடிக்கணினியின் எண் 192.168.1.7 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மடிக்கணினி ஒரு சின்னக் கணக்குப் போடுகிறது. அதனிடம் சப்நெட் மாஸ்க் என்றொரு எண் இருக்கிறது. வீடுகளில் பெரும்பாலும் 255.255.255.0. எங்கெல்லாம் 255 இருக்கிறதோ அந்த இடங்களை ஒப்பிடு, 0 இருக்கும் இடத்தை விட்டுவிடு என்பது அதன் கட்டளை. என் எண்ணில் முதல் மூன்று 192, 168, 1. தேடும் எண்ணிலும் 192, 168, 1. ஒன்றாகவே இருக்கின்றன, ஆக, தேடும் ஆள் இதே வீட்டுக்குள்தான். வேறாக இருந்திருந்தால் “இது நம் வேலையில்லை” என்று ரௌட்டரின் கையில், பெரும்பாலும் 192.168.1.1இல், கொடுத்திருக்கும். இந்த ஒரு கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வீட்டுப் பகிர்வில் வரும் சிக்கல்களில் பாதி இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம்.

அடுத்த சிக்கல்: கேபிளுக்கும் வைஃபைக்கும் ஐபி முகவரி என்றால் என்னவென்றே தெரியாது. அவை மேக் முகவரியை மட்டுமே அறியும். அது ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கப்படும் 48 பிட் எண். எனவே மடிக்கணினி வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி ஒரு கூப்பாடு போடுகிறது: “192.168.1.5 யாரிடம் இருக்கிறது? 192.168.1.7க்குச் சொல்லவும்.” இது நான் அழகுக்காக எழுதிய வசனமல்ல, நெட்வொர்க்கில் போவதைப் படம்பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் கிட்டத்தட்ட இதே வாசகத்தைப் பார்க்கலாம். தொலைபேசியும் தொலைக்காட்சியும் அச்சுப்பொறியும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். மேசைக்கணினி மட்டும் தன் மேக் முகவரியைச் சொல்லும். மடிக்கணினி அதை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். 1982இல் வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு ஆர்ப் என்று பெயர்.

அதற்குப் பிறகே பகிர்வு தொடங்குகிறது. மடிக்கணினி மேசைக்கணினியின் 445ஆம் போர்ட்டை, அதாவது பகிர்வுக்கென உள்ள கதவு எண்ணை, தட்டுகிறது. எந்தப் பதிப்பில் பேசலாம், நீ யார், உன் கடவுச்சொல் என்ன, எந்தக் கோப்புறை வேண்டும் என்ற விசாரணைகள் முடிந்ததும் கோப்பு நகரத் தொடங்கும். எஸ்எம்பி என்பது இந்தப் பேச்சுவார்த்தையின் பெயர்.

இவ்வளவிலும் ரௌட்டரின் இணையப் பகுதிக்கு எந்த வேலையும் இல்லை. ரௌட்டர் என்று நாம் வாங்கும் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச், ஒரு வைஃபை ரேடியோ, ஒரு உண்மையான ரௌட்டர் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் கோப்பு சுவிட்ச், ரேடியோ இரண்டோடு நின்றுவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கவிட்டு, இணைய இணைப்பு வரும் கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். நகல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டேட்டா செலவாகுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு பயனும் இதில் இருக்கிறது. ஐபி முகவரியின் வேலை வாசல் வரை கொண்டுபோய் விடுவதோடு முடிகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி திரையில் வந்துவிட்டதா? அப்படியானால் முகவரி சரி, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலான ஃபயர்வாலும் சரி. இனிமேல் கோளாறு பயனர் கணக்கில்தான். அந்தப் பெட்டியே வராமல், நெடுநேரம் சுற்றிவிட்டுப் பாதை கிடைக்கவில்லை என்று வந்தால் கடவுச்சொல்லைத் தொடவே வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் அனுமதிகளை மாற்றி மாற்றி, கடைசியில் கோப்புறையை எல்லாருக்கும் திறந்துபோட்டுவிட்டு, அப்போதும் திறக்கவில்லையே என்று நொந்துகொள்கிறார்கள்.

உங்களுடையது இரண்டாவது வகை. எண் ஏன் மாறியது? உங்கள் கணினிகள் எண்களைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை, வாடகைக்கு எடுத்திருக்கின்றன. கணினி நெட்வொர்க்கில் சேரும்போது “யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்” என்று கேட்கிறது. ரௌட்டர் ஒன்றை நீட்டுகிறது. கணினி அதையே எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. ரௌட்டர் சரி என்கிறது. நான்கு செய்திகளில் முடியும் இந்தப் பரிமாற்றத்துக்கு டிஎச்சிபி என்று பெயர். கொடுக்கும் எண்ணுக்கு ஒரு கெடு உண்டு. கெடுவில் பாதி கழிந்ததும் கணினி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதனால் தொடர்ந்து ஓடும் கணினியின் எண் மாறுவது அபூர்வம். இரண்டு நாள் அணைத்துவைத்தாலோ, ரௌட்டரை அணைத்து எழுப்பினாலோ அந்த எண் வேறு கருவிக்குப் போய்விட வாய்ப்புண்டு. பல ரௌட்டர்கள் பழைய வாடிக்கையாளரை நினைவு வைத்துக்கொண்டு அதே எண்ணைத் தர முயலும். ஒரு வாரம் ஓடியது அந்தத் தயவில்தான்.

வேறொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே கணினிக்குக் கேபிள் கார்டு ஒன்று, வைஃபை கார்டு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி மேக் முகவரி. ஆகவே தனித்தனி ஐபி முகவரி. வைஃபையில் ஓடிக்கொண்டிருந்த மேசைக்கணினிக்கு நேற்று கேபிள் செருகியிருந்தால் ரௌட்டரின் கண்ணில் அது புது ஆள்.

முதலில் இப்போதைய எண் என்னவென்று பாருங்கள். மேசைக்கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் ஐபி முகவரி, மாஸ்க், கேட்வே (ரௌட்டரின் எண்) மூன்றும் வரும். மடிக்கணினியிலும் அதையே செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதல் மூன்று எண்களும் கேட்வேயும் ஒன்றாக இருந்தால் புது எண்ணை அடித்துத் திறந்துகொள்ளலாம்.

நிரந்தரத் தீர்வுக்கு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற வசதியைத் தேடுங்கள். இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண் என்று அங்கே எழுதிவைத்துவிட்டால் போதும். கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வைஃபை அமைப்பில் தற்செயலான வன்பொருள் முகவரி என்ற விருப்பம் இயங்கிக்கொண்டிருந்தால் கணினி போலி மேக் முகவரியோடு வரும், ஒதுக்கீடு பலிக்காமல் போகலாம். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவிடலாம்.

கணினியிலேயே எண்ணைக் கையால் எழுதிவைப்பது இன்னொரு வழி. அதை நான் பரிந்துரைப்பதில்லை, பட்ட பாடு அப்படி. ஒரு முறை என் கணினிக்கு 192.168.1.10 என்று நானே எழுதிவைத்தேன். ரௌட்டர் வாடகைக்கு விடும் எண்களின் வரிசை 2இலிருந்து தொடங்குகிறது, அதற்குள் 10ம் அடங்கும் என்பதைப் பார்க்கவில்லை. பகலெல்லாம் நகல் ஒழுங்காக ஓடும். மாலையானால் நடுவில் அறுந்துபோகும், சற்று நேரத்தில் தானே சரியாகும். கேபிளைச் சந்தேகித்துப் புதிது வாங்கி மாற்றினேன். மாறவில்லை. மூன்றாவது மாலை ஆர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் 192.168.1.10க்கு நேரே இருந்த மேக் முகவரி என் கணினியுடையது அல்ல என்று தெரிந்தது. மாலையில் வீடு திரும்பிய ஒரு தொலைபேசிக்கு ரௌட்டர் அதே எண்ணைக் கொடுத்திருந்தது. கூப்பாடு போட்டபோது இரண்டு பேர் “நான்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கையால் எழுதத்தான் வேண்டும் என்றால் ரௌட்டர் வாடகைக்கு விடும் வரிசைக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணே வேண்டாம் என்றால் கணினியின் பெயரைப் பயன்படுத்தலாம்: இரண்டு சாய்கோடுகள், பிறகு கணினிப் பெயர். எண் எத்தனை முறை மாறினாலும் பெயர் மாறாது. ஆப்பிளின் மேக், லினக்ஸ் கணினிகளில் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து லோக்கல் (.local) என்று சேர்ப்பார்கள். வீட்டுக்குள் பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் வேலையைக் கணினிகள் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்கின்றன. விண்டோஸின் நெட்வொர்க் சாளரத்தில் மற்றக் கணினி தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பட்டியல் முன்பு எஸ்எம்பி முதல் பதிப்பை நம்பியிருந்தது. 2017 முதல் விண்டோஸ் 10 அந்தப் பதிப்பை இயல்பாக நிறுவுவதில்லை. பட்டியலில் தெரியாத கணினியைப் பெயரையோ எண்ணையோ நேரடியாக அடித்துத் திறக்க முடியும்.

ஐபிகான்ஃபிக்கில் முதல் மூன்று எண்கள் பொருந்தவில்லை என்றால் கதை வேறு. ஒன்றில் 192.168.1, மற்றதில் 192.168.0 என்று இருந்தால் வீட்டில் இரண்டு ரௌட்டர்கள் தனித்தனி ராஜ்யம் நடத்துகின்றன. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய இன்னொரு ரௌட்டரை மாட்டினால் இப்படி ஆகும். இரண்டாவதை, எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் தரும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். விருந்தினர் வைஃபையில் ஒரு கணினி ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான்; அதில் சேரும் கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது ஏற்பட்டது. சில ரௌட்டர்களில் விருந்தினர் வைஃபையிலும் எண் ஒரே மாதிரி வரும், ஆனால் ஒருவரையொருவர் பேசவிடாது. அதனால் வைஃபையின் பெயரையும் பார்த்துவிடுங்கள். அலுவலக நெட்வொர்க்கோடு இணையம் வழியாகத் தனிப் பாதையில் இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு முயலுங்கள்.

169.254 என்று தொடங்கும் எண் வந்தால், கணினி முகவரி கேட்டு யாரும் கொடுக்கவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். ரௌட்டர் இருக்கும் வீட்டில் அது கோளாறு. ரௌட்டரே இல்லாமல் இரண்டு கணினிகளையும் ஒரு கேபிளால் நேரடியாக இணைத்திருந்தால் அதுவே வரம்! இரண்டும் 169.254இல் ஆளுக்கோர் எண்ணைச் சூட்டிக்கொண்டு தாராளமாகக் கோப்புகளை மாற்றிக்கொள்ளும்.

எண்கள் பொருந்தியும் வாசல் திறக்கவில்லையா? விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பொது என்று வைத்திருக்கிறதா, தனிப்பட்டது என்று வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பொது என்றால் ஃபயர்வால் பகிர்வை அடைத்துவிடும். ரௌட்டரை மாற்றினால் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அதேதான் என்றாலும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகக் கருதிப் பொதுப் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். பிங் (கணினி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) செய்து பதில் வரவில்லை என்பதை வைத்து மட்டும் கணினி இறந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அதையும் ஃபயர்வாலே விழுங்கியிருக்கலாம். கூப்பாட்டுக்குப் பதில் வந்திருக்கிறதா என்று ஆர்ப் பட்டியலில் பார்ப்பது நம்பகமானது.

கடவுச்சொல் பெட்டி வந்து அங்கே தகராறு என்றால் இரண்டு பழக்கமான காரணங்கள். கடவுச்சொல்லே வைக்காத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. திரையைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க பின் எண்ணும் இங்கே செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

வெளியாட்கள் விஷயத்துக்கு வருவோம். இணையத்திலிருந்து யாராவது உங்கள் பொது எண்ணின் 445ஆம் போர்ட்டைத் தட்டினால், ரௌட்டரின் பட்டியலில் அதை யாரும் கேட்டதாகக் குறிப்பு இருக்காது. வந்ததைக் குப்பையில் போட்டுவிடும். வெளியூரிலிருந்து கோப்புகளைத் திறக்க வேண்டும் என்ற ஆசையில் அந்தப் போர்ட்டை நீங்களே திறந்துவிடுவதுதான் ஆபத்து. 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிவைத்த வான்னாகிரை என்ற தீநிரல், எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினியிலிருந்து கணினிக்குத் தொற்றியது. அதற்கான திருத்தம் அந்த மார்ச்சிலேயே வந்திருந்தும் நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து கோப்புகள் வேண்டும் என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் ஒன்றை வீட்டில் அமைத்து, அதன் வழியாக உள்ளே வாருங்கள். ஐபியின் ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உலக அளவில் தனி முகவரியே கிடைக்கிறது, நாட் கிடையாது; அங்கே காவல் முழுவதும் ரௌட்டரின் ஃபயர்வாலைச் சேர்ந்தது. அதை அணைத்துவிடாதீர்கள்.

கடைசியாக வேகம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெரிய கோப்புகள் என்று சொன்னதால் சொல்கிறேன். இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது: ஒன்றிலிருந்து ரௌட்டருக்கு, ரௌட்டரிலிருந்து மற்றதற்கு. ஒரே அலைவரிசையில் இருந்தால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஒன்றையாவது கேபிளில் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். இரண்டும் கேபிளில், நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் இருந்தால் 10 ஜிபி கோப்பு ஒன்றரை நிமிடத்தில் போய்விடும். அதுவே கால் மணி நேரம் எடுக்கிறது என்றால் நெட்வொர்க் கார்டின் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். அநேகமாக 100 மெகாபிட் என்று காட்டும். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். அந்த இரண்டில் சேராத ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு நிற்காமல் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அன்று நான் வீணாகப் பழி போட்ட கேபிளை, இந்த ஓர் இடத்தில் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.